கருணை கற்கக் கடல் கடந்தவர்!

குழந்தைகளே, உங்கள் வகுப்பில் உங்களுக்குப் பிடிக்காத மாணவன் யாராவது இருக்கிறானா? காரணமே இல்லாமல் வம்புக்கு வருவான். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவான். அவனும் நன்றாக இருக்கட்டும் என்று உங்களால் மனதார நினைக்க முடியுமா? கஷ்டம்தான், இல்லையா?

ஆனால், நீச்சலைப் பழகுவது போல இதையும் பழகிக்கொள்ளலாம் என்று நம்பினார் ஒருவர். அதைக் கற்றுத் தரும் குருவைத் தேடி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்தே போனார். அவர்தான் அதிசர்!

982-ஆம் ஆண்டு வங்காளத்தின் விக்ரமபுரத்தில் அரச குடும்பத்தில் பிறந்தார். அந்த இடம் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் சந்திரகர்பன். ஆனால், இளவரசருக்கு அரண்மனைச் சுகங்களில் நாட்டம் இல்லை. 29 வயதில் புத்த துறவியானார். தீபங்கர ஸ்ரீஞானர் என்ற பெயர் பெற்றார். அதிசர் என்பது பின்னாளில் கிடைத்த சிறப்புப் பெயர்.

எத்தனையோ நூல்களைக் கரைத்துக் குடித்தும் அவர் மனதில் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. எல்லா உயிர்களிடமும் கருணை காட்டு என்று ஏடுகள் சொல்கின்றன. சரி, அந்தக் கருணையை மனதில் வளர்ப்பது எப்படி?

அதில் தேர்ந்த குரு ஒருவர் சுவர்ணத்வீபத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டார். அவர் பெயர் தர்மகீர்த்தி. சுவர்ணத்வீபம் என்பது இன்றைய இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு. அப்போது அங்கே ஸ்ரீவிஜயப் பேரரசின் ஆட்சி நடந்தது. நம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டியது அந்த அரச வம்சம்தான்.

அதிசர் கப்பல் ஏறினார். புயலில் சிக்கித் தவித்த அந்தப் பயணம் 13 மாதங்கள் நீடித்ததாகத் திபெத்திய நூல்கள் கூறுகின்றன. போய்ச் சேர்ந்தவர் அந்தக் குருவிடம் 12 ஆண்டுகள் தங்கிப் படித்தார்!

அவர் வழியில் வந்த தியானம் எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் அமைதியாக உட்கார வேண்டும். அம்மாவை நினைக்க வேண்டும். காய்ச்சல் வந்தபோது இரவெல்லாம் தூங்காமல் பார்த்துக்கொண்டாரே, அதை நினைத்தாலே மனம் இளகிவிடும். அம்மா சுகமாக இருக்கட்டும் என்று வாழ்த்த வேண்டும். பிறகு அதே வாழ்த்தை நண்பர்களுக்கும், அடுத்து முன்பின் தெரியாதவர்களுக்கும் அனுப்ப வேண்டும். கடைசியாக, நமக்குப் பிடிக்காதவருக்கு!

அது எப்படி முடியும் என்கிறீர்களா? புத்த மதத்தினர் மறுபிறவியை நம்புபவர்கள். எண்ணற்ற பிறவிகளில் எல்லா உயிர்களும் ஒருமுறையாவது நமக்குத் தாயாக இருந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியானால், இன்று நம்மைத் திட்டுபவரும் என்றோ நம்மைச் சீராட்டியவர்தானே!

இந்தியா திரும்பிய அதிசர், பிகாரில் இருந்த விக்ரமசீலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கேதான் அவருக்குச் சோதனை வந்தது. பால வம்ச மன்னர் நயபாலருக்கும், கலச்சூரி மன்னர் கர்ணனுக்கும் போர் மூண்டது. கர்ணனின் படை புத்த மடத்தைத் தாக்கி, சிலரைக் கொன்றது. அப்போதும் அதிசர் பழிவாங்க நினைக்கவில்லை. பிறகு கர்ணனின் படை தோற்று, வீரர்கள் வெட்டுப்படத் தொடங்கினர். அதிசர் அந்த எதிரி வீரர்களுக்கே அடைக்கலம் கொடுத்தார். இரு மன்னர்களிடமும் மாறி மாறிப் பேசிச் சமாதானமும் செய்து வைத்தார். திபெத்திய வரலாற்று நூல்கள் தரும் செய்தி இது.

அவருக்கு ஏறத்தாழ 60 வயதானபோது, திபெத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே போனால் ஆயுள் குறையும் என்று தெரிந்தும், பலருக்கு நன்மை கிடைக்குமே என்று கிளம்பினாராம். பனிமலைகளைத் தாண்டி 1042-ஆம் ஆண்டு திபெத்தை அடைந்தார். அங்கே அவர் எழுதிய போதிபதபிரதீபம் என்ற நூலைப் புத்த துறவிகள் இன்றும் படிக்கிறார்கள்.

திபெத்துக்கு அவர் ஒரு வேலைக்காரரையும் அழைத்துப் போனதாக ஒரு கதை உண்டு. அந்த ஆள் சரியான சிடுமூஞ்சி! எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். அவரை அனுப்பிவிடக் கூடாதா என்று திபெத்தியர்கள் கேட்டார்கள். அதிசர் மறுத்துவிட்டார். தனக்குப் பொறுமையைக் கற்றுத் தருபவரே அவர்தான் என்று சொல்லிவிட்டாராம். தியானத்தில் கற்றதை நிஜ வாழ்க்கையில் பழக ஒரு சிடுமூஞ்சி தேவைப்பட்டார் போலிருக்கிறது!

1054-ஆம் ஆண்டு, லாசா நகருக்கு அருகில் உள்ள நியேதாங் என்ற ஊரில் அதிசர் மறைந்தார். அவரது அஸ்தியில் ஒரு பகுதி, 1978-ஆம் ஆண்டு வங்கதேசத் தலைநகர் டாக்காவில் உள்ள புத்த மடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பிறந்த மண்ணுக்கே திரும்பி வந்துவிட்டார்!

என்ன குழந்தைகளே, இன்று இரவு தூங்கும் முன் ஐந்து நிமிடம் கண்களை மூடி உட்காருங்கள். அம்மாவில் ஆரம்பியுங்கள். அந்த வம்புக்காரனிடம் வரும்போது மனம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பரவாயில்லை, நாளைக்கு மறுபடியும் முயலுங்கள். அதிசருக்கே 12 ஆண்டுகள் ஆயிற்றே!