பேராசிரியர் கெட்டிஸும் ஊர்ப் பூங்காக்களும்

ஓர் ஊரில் பூங்கா ஏற்பட்டவுடன் முதலில் எழுவது வேலி. அடுத்தபடியாக எழுவது, உள்ளே வருகிறவர்கள் எவற்றையெல்லாம் செய்யலாகாது என்று அறிவிக்கும் பலகை. புல்லின்மேல் நடக்கலாகாது, பந்து ஆடலாகாது, பூவைத் தொடலாகாது. மரம் வளருவதற்கு முன்பே பலகை வளர்ந்துவிடுகிறது. சில ஆண்டுகள் சென்றபின் வேலி வளைகிறது, பலகை துருப்பிடித்து விழுகிறது, ஒரு மூலையில் ஏதோ ஒரு கட்டடம் முளைக்கிறது. கேட்பாரில்லை. ஏனெனில் அந்த நிலத்தைத் தம்முடையதென்று எண்ணும் பழக்கம் ஜனங்களுக்கு ஒருநாளும் ஏற்படவில்லை. இவ்வாறு நேருவதன் காரணத்தை நூறாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து, மாற்று வழியைச் சொல்லில் மட்டுமன்றிச் செயலிலும் காட்டிய ஓர் அறிஞரின் சரித்திரத்தை நமது வாசகர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பாட்ரிக் கெட்டிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந் தேதி ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பெர்த் நகரத்தின் அருகே இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் மகனையும் உடன் வைத்துக்கொண்டு மண்ணைக் கொத்திப் பயிரிட்டார். பிற்காலத்தில் கெட்டிஸ் எத்தனையோ சாஸ்திரங்களைக் கற்றாரெனினும், அந்தத் தோட்டமே அவருடைய முதற் பள்ளிக்கூடம். லண்டனில் ஹக்ஸ்லியிடம் ஜீவசாஸ்திரம் பயின்றார். 1879-ல் ஆராய்ச்சியின் பொருட்டு மெக்ஸிகோவுக்குச் சென்றவிடத்தில் கண்பார்வை மங்கிவிட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் அடைபட்டுக் கிடந்தார். பார்வை மீண்டதாயினும், நுண்பெருக்கிக் கண்ணாடியை நாள் முழுதும் பார்த்திருக்கும் வேலைக்கு இனி லாயக்கில்லை என்றாயிற்று. கண்ணாடிக்குக் கீழ் வைத்த ஜீவராசிகளைப் பார்க்க வேண்டியவர், நகரங்களைப் பார்க்கத் தலைப்பட்டார். உலகத்துக்கு இது லாபமே.

எடின்பரோ நகரின் பழைய பகுதி அக்காலத்தில் பெரும் அவலத்தில் இருந்தது. செல்வர்கள் புது நகர் அமைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆறும் ஏழும் மாடிகள் கொண்ட பழைய வீடுகளில், அறைக்கொரு குடும்பமாக ஏழைகள் அடைந்துகிடந்தார்கள். 1886-ல் ஆனா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்த கெட்டிஸ், சிறிது காலத்திற்குள் அந்தச் சேரியிலேயே ஜேம்ஸ் கோர்ட் என்ற முற்றத்தில் குடிபுகுந்தார். உபதேசம் செய்யப் போகவில்லை, குடியிருக்கப் போனார். கணவனும் மனைவியும் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைப் பெருக்கினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், ஜன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். 1888 முதல் டண்டீ கல்லூரியில் அவர் தாவர சாஸ்திரப் பேராசிரியர். அந்தப் பதவியில் ஆண்டுக்குச் சில மாதங்களே வேலை. மற்ற மாதங்கள் எல்லாம் ஊர்வேலைக்கு. 1892-ல் கோட்டையின் அருகே ஓர் உயர்ந்த கட்டடத்தை வாங்கி, நகரத்தை ஆராயும் நிலையமாக அமைத்தார். காட்சிக் கோபுரம் என்று அதற்குப் பெயர்.

அந்தக் கோபுரத்தில் ஏற்பட்ட கமிட்டி ஒன்று செய்த காரியம் நமது கவனத்துக்கு உரியது. பழைய எடின்பரோவில் தோட்டம் போட இடமே இல்லை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமாயிருந்தது. கெட்டிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. சந்து சந்தாக நடந்து அளந்து பார்க்கச் சொன்னார். இடிந்த வீட்டு மனைகள், குப்பை கொட்டும் மூலைகள், சுவருக்கும் சுவருக்கும் நடுவே உபயோகமற்றுக் கிடந்த துண்டுகள் என்று சுமார் 75 இடங்கள் அகப்பட்டன. எல்லாம் சேர்ந்தால் சுமார் 10 ஏக்கர்! அவற்றுள் ஒவ்வொன்றாகச் சீர்திருத்தித் தோட்டமாக்கும் பொறுப்பை அவருடைய புதல்வி நோரா ஏற்றுக்கொண்டார். 1910-க்குப் பின் சில ஆண்டுகளில் பல தோட்டங்கள் உருவாயின. செடி நட்டவர்களும் நீர் ஊற்றியவர்களும் அந்தந்தச் சந்தின் குழந்தைகளும் பெண்களுமே. பெரிய பூங்காவுக்கு லக்ஷம் ரூபாய் இல்லையே என்று கைகட்டி உட்கார்ந்திருக்கும் நகரசபையார், தங்கள் ஊரில் இத்தகைய மூலைகள் எத்தனை என்று ஒருமுறை நடந்து எண்ணிப் பார்த்ததுண்டா?

இதற்கு முன்னரே டன்பர்ம்லின் என்ற ஊரில் அவருக்கு ஒரு பெரிய சந்தர்ப்பம் வாய்த்தது. அந்த ஊர் நெசவாளி ஒருவரின் மகனே ஆண்ட்ரு கார்னீஜி. ஊரின் நடுவே பிட்டென்கிரீஃப் என்னும் அழகிய பள்ளத்தாக்குப் பண்ணை ஒரு ஜமீன்தாருக்குச் சொந்தமாயிருந்தது. ஆண்டுக்கொருமுறை ஊராருக்குத் திறந்துவிடும் நாளிலும், உரிமைக் கிளர்ச்சிக்காரராகிய கார்னீஜியின் தாய்வழியினர் மட்டும் உள்ளே நுழையலாகாதென்று தடை. நீராவித் தறி வந்து கைத்தறியைக் கொன்றபின் 1848-ல் அக்குடும்பம் அமெரிக்கா சென்றது. சிறுவன் எஃகு வியாபாரத்தில் உலகத்தின் பெருஞ் செல்வர்களுள் ஒருவனானான். 1892-ல் ஹோம்ஸ்டெட் ஆலையில் அவருடைய தொழிலாளர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் அந்த வேலி அவர் மனத்தில் முள்ளாகவே இருந்திருக்கவேண்டும். பண்ணையை விலைக்கு வாங்கி 1903-ல் ஊராருக்கே தந்துவிட்டார். பெரு நிதியும் ஒதுக்கினார்.

அதைப் பூங்காவாக்கத் திட்டம் தருமாறு தர்மகர்த்தர்கள் கெட்டிஸையும், மாஸன் என்ற தோட்டக்கலை நிபுணரையும் தனித்தனியே கேட்டார்கள். கெட்டிஸ் 1904-ல் ஒரு பெரும் புத்தகமாகவே தம் திட்டத்தை வெளியிட்டார். முதலில் அந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஓடையைச் சுத்தம் செய்யவேண்டும் என்றார். ஓடையோ மேலே ஊரிலிருந்து அழுக்கைச் சுமந்துகொண்டு வருகிறது. ஆகவே பூங்காவைத் திருத்துவதென்றால் ஊரைத் திருத்தவேண்டும்! ஓரங்களில் இருந்த பழைய வீடுகளை இடிக்காமல் பழுது பார்க்கவேண்டும். ஒவ்வோர் இடத்தையும் போட்டோ எடுத்து, இன்று இருக்கும் நிலையையும் நாளை இருக்கக்கூடிய நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டினார். தர்மகர்த்தர்கள் மிரண்டுபோனார்கள். நடைபாதையும் புல்தரையும் கேட்டவர்களுக்கு அவர் ஒரு நாகரிகத்தையே வரைந்து கொடுத்தால் என்ன செய்வார்கள்? இரண்டு திட்டங்களையும் ஒதுக்கி வைத்தார்கள். கெட்டிஸுக்குச் சுருக்கமாகச் சொல்லும் வித்தை கடைசிவரை வாய்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

ஆனால் பூங்காக்களைப்பற்றி அவர் கொண்ட முடிவு எளிது. பொதுப் பூங்கா என்பது பிரபுக்களின் மாளிகைத் தோட்டத்தைப் பார்த்துச் செய்த நகல். மாளிகைத் தோட்டம் ஜன்னலிலிருந்து பார்ப்பதற்கென்று ஏற்பட்டது. எனவே அதைக் காவலாள் காக்கவேண்டும், சிறுவர்களை விரட்டவேண்டும். அதே காவலாளையும் அதே விரட்டுதலையும் ஜனங்களின் பூங்காவிலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு சிறுவர்கள் கிளையை ஒடிக்கிறார்கள், விளக்கை உடைக்கிறார்கள் என்று குறை கூறுவது அறியாமை. பையனுக்குக் குகை தோண்டவேண்டும், ஓடைக்கு அணை கட்டவேண்டும், மரத்தில் ஏறவேண்டும். அந்த வேலையையே ஒழுங்குபடுத்தி அவன் கையில் கொடுத்தால், கல்லெறிபவன் கல் அடுக்குவான் என்பது அவருடைய வாதம். கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் மைதானம் விட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்களையும் அவர் விடவில்லை. இவ்விஷயத்தில் அவர் சற்று அதிகமாகவே போய்விட்டாரென்று நமக்குத் தோன்றுகிறது. மைதானமே அற்ற ஊர்களில், தெருவில் பந்தாடி வண்டிக்கு ஒதுங்கும் பையன்களுக்கு ஒரு வெறுந்தரை கிடைத்தாலும் பெரும் பாக்கியமே.

1914-ல் சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு அவரை இங்கே அழைத்தார். 1917-ல் அன்னி பெஸண்ட் அம்மையாரைக் காவலில் வைத்த அதே பெண்ட்லண்ட்தான்! நகரமைப்பைப்பற்றி கெட்டிஸ் ஆயுள் முழுதும் சேகரித்த படங்களும் வரைபடங்களும் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் தனியே வந்துகொண்டிருந்தன. செப்டம்பர் 22-ந் தேதி சென்னைமீது குண்டு வீசிச் சென்ற எம்டன் கப்பல், அடுத்த மாதம் கிளான் கிராண்டைக் கடலில் மூழ்கடித்தது. அறுபது வயதில் வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். கெட்டிஸ் நண்பர்களுக்கு எழுதிப் புதிதாகப் படங்களைத் திரட்டுவித்து, 1915-ல் சென்னையில் பொருட்காட்சியை நடத்தியே தீர்த்தார்.

பின்னர் மதுரை, தஞ்சை, கோயம்புத்தூர், பல்லாரி முதலிய நகரங்களைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் இந்தியா முழுவதிலும் சுமார் 50 ஊர்களுக்கு அவர் அறிக்கை தந்திருக்கிறார். எஞ்சினீர்கள் வரைபலகையின் மேல் அளவுகோலை வைத்து நேர்க்கோடு இழுத்து, கோட்டில் அகப்பட்ட வீடுகளையெல்லாம் இடிக்கச் சொல்லும் வழக்கத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். இடிப்பதைக் குறைத்து, பாழான ஓரிரு வீடுகளை மட்டும் நீக்கி, அந்த இடத்தில் மரத்தடியும் கிணற்றடியும் கூடிய சிறு வெளிகளை உண்டாக்கினால் போதும் என்றார். ஊருக்கு வெளியே துரைமார் வண்டியோட்டும் பெரிய பார்க்கைவிட, தெருவுக்கொரு சிறு வெளியே குழந்தைக்கும் கிழவருக்கும் உதவும். கோஷா முறையில் அடைபட்ட பெண்களுக்குக் காற்றும் வெயிலும் கிடைக்கத் தனித் தோட்டங்கள் வேண்டுமென்றும் வற்புறுத்தினார்.

குளங்களைப்பற்றி அவர் சொன்னது இன்னும் முக்கியமானது. கொசுவை ஒழிப்பதற்கென்று சுகாதார இலாகா குளங்களைத் தூர்த்துக்கொண்டிருந்த காலம் அது. தூர்க்காதீர்கள், சுத்தம் செய்யுங்கள், மீனை விடுங்கள், வாத்தை விடுங்கள், கொசுப்புழுவை அவை தின்னும் என்றார் கெட்டிஸ். குளம் ஊரைக் குளிர்விக்கும்; மழைநீரைத் தாங்கும்; அதன் கரையே ஊரின் பூங்கா. கேட்டார்களா? சென்னையின் மேற்கே கிடந்த நெடிய மாம்பலம் ஏரி அவர் போன பிறகுதான் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகராயிற்று. அதன் நடுவே பனகல் பார்க் என்று ஒரு பூங்காவும் வைத்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் நுழைந்தபோது, தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு ஏரி வந்தது என்று ஜனங்கள் கருதியிருந்தால் அது தவறாகாது.

இந்தூரில் அவர் செய்தது கதைபோல் இருக்கும். ஊரில் பிளேக் நோய். வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் சந்துகளில் நுழைந்து சுட்டிக்காட்டிப் பேசுவதைக் கண்ட ஜனங்கள், வீட்டை இடிக்க வந்தவரென்று பயந்தார்கள். கெட்டிஸ் ஒரு நாளைக்குத் தம்மை மகாராஜாவாக்கும்படி தர்பாரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தீபாவளி ஊர்வலம் வழக்கமான வீதிகளில் போகாது. எந்தத் தெருவில் வீடுகள் அதிகமாகச் சுத்தமாகிப் பழுது பார்க்கப்பட்டிருக்கின்றனவோ அந்த வழியே போகும் என்று பறையறைவித்தார். ஊரே துடைப்பத்தை எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறிற்று. ஊர்வலத்தில் தோட்டிகள் புத்தாடையும் தலைப்பாகையும் அணிந்து, பூச்சூடி, பெரிய மனிதர்களுக்குச் சமமாக நடந்தார்கள். பிரம்மாண்டமான எலியும் கொசுவும் செய்து இறுதியில் கொளுத்தினார்கள். வீடுதோறும் வைக்கத் துளசிக் கன்றுகளை வழங்கினார்கள். சட்டம் போட்டு, அபராதம் விதித்து, ஸானிட்டரி இன்ஸ்பெக்டரை ஏவிச் சாதிக்க முடியாததை ஒரு திருவிழா சாதித்தது. 1918-ல் இந்தூரைப்பற்றி இரண்டு பாகங்களில் அவர் எழுதிய அறிக்கை, அவர் இந்தியாவில் எழுதியவற்றுள் தலைசிறந்தது என்பது நமது அபிப்பிராயம்.

அவ்வேலைக்கு நடுவே அவருக்கு நேர்ந்த துயரமோ சொல்லுந் தரமன்று. 1917 ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் யுத்தகளத்தில் மாண்டான். மனைவியோ இந்தியாவில் கடுஞ்சுரத்தில் கிடந்தார். மகன் இறந்த செய்தியைக் கெட்டிஸ் அவரிடம் சொல்லவில்லை. அறியாமலே அவ்வம்மையாரும் ஜூன் மாதத்தில் கண்மூடினார். கிழவர் மறுபடியும் நகரங்களை அளக்கப் புறப்பட்டுவிட்டார்.

1919 முதல் 1924 வரை பம்பாய் சர்வகலாசாலையில் சமூக சாஸ்திரப் பேராசிரியராயிருந்தார். ஜகதீச சந்திர போஸின் சரித்திரத்தை 1920-ல் வெளியிட்டார். தாகூருடன் நெருங்கிய நட்புப் பூண்டார். 1925-ல் டெல் அவீவ் நகருக்கு அவர் வகுத்த திட்டத்தில், ஒவ்வொரு வீட்டுத் தொகுதியின் நடுவிலும் பொதுத் தோட்டம் ஒன்றை வைத்தார். இறுதி நாட்களில் அரசாங்கம் தந்த ஸர் பட்டத்தை ஏற்றுக்கொண்டது நமக்கு உவப்பில்லை. பட்டம் பெற்ற சில வாரங்களில், 1932 ஏப்ரல் 17-ந் தேதி, பிரான்ஸில் மாண்ட்பெலியே நகரில், தாம் கட்டிய கல்லூரியிலே, தாம் வளர்த்த தோட்டத்தின் நடுவே காலமானார். அவருடைய இந்திய அறிக்கைகளிற் பெரும்பாலானவை அப்போது ஆபீஸ் அலமாரிகளில் தூசி படிந்து கிடந்தன. எடின்பரோவில் கோட்டைக்குக் கீழே வெஸ்ட் போர்ட் என்ற தெருவில், வீடுகளின் இடுக்கில், படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கும் சிறு தோட்டம் ஒன்று இருக்கிறது. 1910-ல் அந்தப் பேட்டைக் குழந்தைகளுக்கென்று நோராவும் கெட்டிஸும் போட்ட தோட்டம் அது.