உயிர்களின் உறவை உணர்த்திய அம்மையார்

உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாய் வாழ்வன என்பது தத்துவார்த்த சூத்திரம் நமக்கு உணர்த்தும் உண்மையாகும். நம் சமயத்தைச் சாராத அமெரிக்கப் பெண்மணி ஒருவர் அவ்வுண்மையை அறிவியல் வழியே கண்டு உலகிற்கு உரைத்தார். அவரே ரேச்சல் கார்சன் அம்மையார்.

1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று, 1936 முதல் அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றினார். கடலைப் பற்றி 1951இல் வெளியிட்ட நூல் பெரும்புகழ் ஈட்டித் தரவே, மறு ஆண்டில் அப்பணியை விடுத்து எழுத்தையே வாழ்வாகக் கொண்டார்.

1958ஆம் ஆண்டில் தோழி ஒருவரின் மடல் வந்தது. கொசுக்களை ஒழிக்க விமானத்திலிருந்து தெளித்த டி.டி.டி. மருந்தால் தம் இடத்துப் பறவைகள் மாண்டன என்று அவர் வருந்தியிருந்தார். அம்மையார் நான்காண்டுகள் உழைத்துச் சான்றுகளைத் திரட்டினார்.

அவற்றுள் ஒன்றை நாம் மறத்தலாகாது. எல்ம் மரங்களுக்கு நோய் பரப்பும் வண்டுகளைக் கொல்ல அம்மருந்தைத் தெளித்தனர். நஞ்சு இலைகளில் படிந்தது. உதிர்ந்த இலைகளை மண்புழுக்கள் உண்டன. அப்புழுக்களை உண்ட ராபின் பறவைகள் துடித்து மாண்டன. ஓரறிவுடைய மரத்தின் மேல் தெளித்த நஞ்சு, ஈரறிவுடைய புழுவின் வழியே ஐயறிவுடைய பறவையை அடைந்தது! ஊரெங்கும் ஒரே வகை மரத்தை நட்டமையால் நோய் எளிதில் பரவியது என்பதையும், பல்வகை உயிர்கள் கலந்து வாழ்தலே காப்பு என்பதையும் அவர் விளக்கினார்.

மௌன வசந்தம் என நாம் அறியும் அந்நூல் 1962இல் வெளிவந்தது. நம் கொல்லாமை அறத்தை ஆராய்ந்து போற்றிய ஆல்பர்ட் சுவைட்சருக்கே அதனைக் காணிக்கையாக்கினார். மருந்து நிறுவனங்கள் கடுமையாகத் தாக்கின. புற்றுநோயால் நலிந்திருந்தும் அதனை வெளிக்காட்டாது அவர் உறுதியாய் நின்றார். 1963இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அவர் கருத்துக்கு வலுவூட்டியது. 1964 ஏப்ரல் 14ஆம் நாள் தம் 56ஆம் அகவையில் மறைந்தார்.

1972இல் அமெரிக்கா டி.டி.டி.யின் பயன்பாட்டைப் பெரும்பாலும் தடை செய்தது. அந்நஞ்சால் முட்டையோடு மெலிந்து அருகிய வெண்தலைக் கழுகுகள் மீண்டும் பெருகின. 2007இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து அவை நீக்கப்பட்டன.

அம்மையார் பூச்சிமருந்து அனைத்தையும் விலக்கச் சொன்னவர் அல்லர். ஆராயாது அள்ளித் தெளிப்பதையே கண்டித்தார். தமிழ்ச் சமணருள் உழவர் பலர். உழவில் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றிலும் நீக்க இயலாது. ஆயினும் குறைக்க இயலும். நீரை வடிகட்டிப் பருகும் நாம், நம் வயலில் தெளிப்பது எவ்வுயிர் வரை செல்லும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். அதுவே அம்மையாருக்கும் நம் அறத்திற்கும் நாம் செய்யும் சிறப்பாகும்.