வேலூர் தந்த தாய் டாக்டர் ஐடா ஸ்கடர்

வெளியூர்க்காரர்களுக்கு எங்க ஊர் ஆலங்காயம் என்றால் காவலூர் தொலைநோக்கிதான் ஞாபகம் வரும். எங்களுக்கோ, உடம்புக்கு ரொம்ப முடியலைன்னா வேலூர்தான் ஞாபகம். அந்த வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சிவில் படிக்கிற பையனுக்கு டாக்டரம்மா கதை எதுக்கு என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கு.

அம்மையார் 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்கக் குடும்பம். தாத்தா, அப்பா இருவருமே மிஷன் டாக்டர்கள். ஆனால் இவருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. படித்துவிட்டு அமெரிக்காவிலேயே இருந்துவிடத்தான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஐடா வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. டாக்டரான அப்பா வரத் தயார். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த இரவுதான் அவரை டாக்டராக்கியது. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் அப்பாவின் வீட்டிலேயே ஒரே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. ஆண் டாக்டரிடம் காட்டமாட்டோம் என்ற பெண்கள் தயங்காமல் உள்ளே வர ஒரு கட்டடம்! 1909-ல் நர்சுப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. குடியாத்தம் ரோட்டில் மரத்தடியிலும் வைத்தியம் பார்த்திருக்கிறார். 1960-ல் கொடைக்கானலில் காலமானார்.

இப்போ காரணம் சொல்கிறேன். எங்க அக்காவுக்கு எட்டாம் மாசமே குழந்தை பிறந்தது. அந்த ஆஸ்பத்திரியில் தொட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். மார்கழி மாசம், மலைக்காத்து. நான் தொட்டபோது பிள்ளையின் கால் சில்லென்று இருந்தது. மூணாம் நாள் போய்விட்டது. ஜன்னலால்தான் என்று சொல்ல மாட்டேன், எட்டு மாசக் குழந்தை அது.

பிறகுதான் லைப்ரரியில் தேடிப் படித்தேன். குறைமாசக் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு கம்மி. காற்று படாவிட்டால்கூட, பக்கத்துச் சுவரோ கண்ணாடியோ குளிர்ந்திருந்தாலே உடம்புச் சூடு அதற்குப் போய்விடும். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொட்டில் வெளி ஜன்னலிலிருந்து 2 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். எந்தத் தொட்டிலிலிருந்தும் 20 அடிக்குள், கையால் தொடாமல் திறக்கிற குழாயோடு கை கழுவும் தொட்டி வேண்டும். இதெல்லாம் டாக்டர் வேலை இல்லை நண்பர்களே, பிளான் போடுகிற நம்ம வேலை.

போன டெர்மில் ஆஸ்பத்திரி பிளான் வரையச் சொன்னார்கள். குழந்தைகள் வார்டில் தொட்டில்களை உள்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டேன். இடம் வீணாகுதே என்றார் சார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.