பிடியரிசி வளர்த்த பெருந்தலைவர்

அறப்பணிக்குப் பொருள் திரட்டுவது அரிய செயல். கொடுப்பவர் உள்ளம் உவக்க வேண்டும். கொடுத்த பொருள் உரிய இடத்தைச் சேர வேண்டும். ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காகப் போற்றும் மரபில் வந்த நாம், உணவையும் கல்வியையும் ஏழைச் சிறார்க்கு ஒருங்கே வழங்க ஊரூராகக் கொடை திரட்டிய பெருந்தலைவர் காமராசரின் வரலாற்றை இவ்விதழில் நினைவுகூர விழைகிறோம்.

மேற்கு மலைத்தொடரை அடுத்த தளவாய்புரம், இராசபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களைக் கொண்ட மாவட்டம் 1985-இல் தோற்றுவிக்கப்பட்டபோது, அவர் பெயராலேயே காமராசர் மாவட்டம் என வழங்கப்பெற்றது. இன்று அது விருதுநகர் மாவட்டம் எனப்படுகிறது. அந்த விருதுநகரில் 1903-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாக அவர் பிறந்தார்.

அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, செல்வர் ஒருவரின் பெருங்கொடையால் எழுந்ததன்று. அவ்வூர் நாடார் வணிகர்கள் தம் வாணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கினர். இல்லந்தோறும் உலையிடும் முன் ஒரு பிடி அரிசியைப் பெண்கள் தனிக்கலத்தில் இட்டு வைத்தனர். அவ்வரிசியைத் திரட்டி விற்ற பணம் பள்ளிக்குப் பயன்பட்டது. ஒரு பிடி குறைவதால் எவ்வீட்டிலும் பசி நேரவில்லை. பல பிடிகள் சேர்ந்ததால் ஒரு பள்ளி நிலைபெற்றது.

எனினும், தந்தையார் இளமையிலேயே மறைந்தமையால் காமராசர் ஆறாம் வகுப்போடு கல்வியைத் துறந்து மாமனின் துணிக்கடையில் அமர நேர்ந்தது. பள்ளி அருகிலிருந்தும் வறுமை பிள்ளையை வெளியே இழுத்துவிடும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டார். பின்னர் விடுதலைப் போரில் ஈடுபட்டுப் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1940-இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார். 1952-இல் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சரானார்.

பள்ளிகளைப் பெருக்கினால் மட்டும் போதாது, பசித்த வயிற்றோடு வரும் குழந்தைக்கு உணவும் வேண்டும் என்று அவர் கருதினார். கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு அவருக்கு உறுதுணையானார். 1956-இல் தொடங்கிய பகலுணவு முதலில் ஊர்மக்களின் கொடையாலேயே நடைபெற்றது. மழை பொய்த்தால் கொடையும் குன்றும். ஆயினும் குழந்தையின் பசி காத்திராது. ஆகவே 1957 முதல் செலவில் நூற்றுக்கு 60 பங்கை அரசு ஏற்றது. 40 பங்கு ஊரார் பொறுப்பில் நின்றது. 1961-இல் கேர் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் பால்மாவு முதலிய பொருள்களை வழங்க முன்வந்தது.

இதனினும் விரிந்தது பள்ளிச் சீரமைப்பு இயக்கம். இதன் முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில் கூடியது. மாநாட்டுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளியின் தேவைகளையும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியோரும் கூடிப் பட்டியலிட்டனர். கட்டடம், நிலம், கரும்பலகை, நாற்காலி, கடிகாரம், சீருடை எனப் பெரியதும் சிறியதும் அதில் இடம்பெற்றன. ஆதலால் நிலம் உடையவர் நிலம் தந்தார். அவ்வளவு இயலாதவர் ஒரு மணியையோ பானையையோ தந்து மனநிறைவு எய்தினார். பொருள் தம் ஊர்ப் பள்ளிக்கே சென்றதால் கொடுத்தது பயன்படுவதைக் கொடுத்தவரே கண்ணால் கண்டனர். அமைச்சர்கள் நேரில் வந்து பாராட்டியது அடுத்த ஊரையும் தூண்டியது. விருதுநகரில் ஒரு சமூகத்தார் தம் பிள்ளைகளுக்கென வளர்த்த முறை, எல்லாச் சாதிச் சிறார்க்கும் உரியதாக மாநிலம் முழுவதும் பரவியது.

கேட்பவரின் கை தூயதாயின் கொடுப்பவர் ஐயுறார். ஒன்பதாண்டுகளுக்கு மேல் ஆட்சி புரிந்தும் காமராசர் தமக்கென ஒரு வீடும் கட்டிக்கொள்ளவில்லை. 1963 அக்டோபர் 2-ஆம் நாள் கட்சிப் பணிக்காகத் தாமே பதவி துறந்தார். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் சென்னையில் தாம் வாழ்ந்த வாடகை வீட்டிலேயே இயற்கை எய்தினார். மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவுத் திட்டத்துக்கும் அவர் மூட்டிய அடுப்பே முன்னோடி.

எண்ணிக்கையில் சிறியோராகிய நாம், கல்வி நிதியோ மாணவர் விடுதியோ தொடங்க எண்ணும்போது பெருஞ்செல்வர் ஒருவரை எதிர்நோக்கிக் காலம் கழிப்பதுண்டு. அது வேண்டா. தேவையைத் தெளிவாக எழுதி ஊரறிய வைப்போம். ஒவ்வோர் இல்லமும் தன்னால் இயன்றதைத் தர வழி செய்வோம். வரவையும் செலவையும் கொடுத்தவர் முன் வைப்போம். ஒரு பிடி அரிசி பள்ளியை வளர்த்தது. அப்பள்ளியில் பயின்றவர் ஒரு மாநிலத்தின் பள்ளிகளையே வளர்த்தார். நம் இல்லங்களிலும் அந்தப் பிடி அரிசிக்குக் குறைவில்லை.