ஜேன் ஆஸ்டின் தைத்த ஊசிப்பை

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1775-ஆம் ஆண்டு ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அண்ணன் எட்வர்டுக்கு வீட்டுப் பெண்கள் சட்டைகள் தைத்தபோது, தம் தையலே மிக நேர்த்தியானது என்று 1796-இல் கடிதமொன்றில் பெருமையுடன் எழுதினார். நாவல்களையோ தம் பெயரின்றி வெளியிட்டவர் இவர்!

1792 ஜனவரியில் அடுத்த ஊரிலிருந்த தோழி மேரி லாயிட் குடும்பத்துடன் தொலைவுக்குக் குடிபெயர்ந்தார். பதினாறு வயது ஜேன் சிறு துணிப்பை ஒன்று தைத்துக் கொடுத்தார். உள்ளே நுண்ணிய ஊசிகள், மெல்லிய நூல். குட்டிப் பையறையில் தாமே எழுதிய கவிதை. மேரி அதைத் தையலுக்கு எடுக்கவேயில்லை. புதிது போலவே பேணினார். நாமாயினும் அப்படித்தானே செய்திருப்போம்?

பின்னர் மேரி, ஜேனின் மூத்த அண்ணன் ஜேம்ஸை மணந்து அண்ணியானார். 1817 ஜூலை 18 அன்று வின்செஸ்டரில் ஜேன் 41 வயதில் உயிர்நீத்தபோது, அருகிருந்து பணிவிடை செய்தவர்களுள் மேரியும் ஒருவர்.