டென்னிஸ் ரிட்ச்சி

டென்னிஸ் ரிட்ச்சி (செப்டம்பர் 9, 1941 – அக்டோபர் 2011) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். சி நிரலாக்க மொழியை உருவாக்கியவர் இவரே. கென் தாம்சனுடன் இணைந்து யுனிக்ஸ் இயங்குதளத்தையும் உருவாக்கினார்.

பிறப்பும் கல்வியும்

ரிட்ச்சி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இவரது தந்தை அலிஸ்டர் ரிட்ச்சி பெல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் பயன்பாட்டுக் கணிதமும் பயின்ற ரிட்ச்சி, 1967 இல் அதே ஆய்வகத்தில் சேர்ந்தார்.

சி மொழி

1969 இல் தாம்சன் பிடிபி-7 கணினியில் யுனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். பின்னர் பி என்னும் மொழியையும் உருவாக்கினார். அம்மொழியில் தரவு வகைகள் இல்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி கொண்ட பிடிபி-11 கணினிக்கு அது பொருந்தவில்லை. ரிட்ச்சி தரவு வகைகளைச் சேர்த்து, 1971 முதல் 1973 வரையான காலத்தில் அதனைச் சி மொழியாக வளர்த்தெடுத்தார். 1973 இல் யுனிக்ஸின் கருப்பகுதி சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. இதனால் யுனிக்ஸைப் பிற கணினிகளுக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று. பிரையன் கெர்னிகனுடன் இவர் எழுதிய சி மொழி நூல் 1978 இல் வெளிவந்தது.

பிற மொழிகளில் சி

பிற்காலத்தில் தோன்றிய மொழிகள் பலவும் சி செயற்கூறுகளை அழைக்க வழி கொண்டுள்ளன. 2009 இல் வெளியான நோட்.ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை வழங்கிக் கணினிகளில் இயக்குகிறது. அதன் உள்ளீடு, வெளியீட்டுப் பணிகளைக் கவனிக்கும் லிப்யூவி நூலகம் சி மொழியில் எழுதப்பட்டதாகும்.

ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து சி நூலகச் செயற்கூறு ஒன்றை நேரடியாக அழைக்க, அதன் பெயர், ஏற்கும் தரவு வகைகள், திருப்பித் தரும் வகை ஆகியவற்றை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். லிப்எஃப்எஃப்ஐ போன்ற இடைநிலை நூலகம் அதற்கேற்ப மதிப்புகளை உரிய இடங்களில் வைத்துச் செயற்கூற்றை அழைக்கிறது.

அறிவிப்பு சரியானதா என்பதைச் சி சோதிப்பதில்லை. எண் ஒன்றை நினைவக முகவரி எனத் தவறாக அறிவித்தால், ஜாவாஸ்கிரிப்ட்டின் பிழை கையாளும் முறைகள் உதவா. வழங்கி நிரல் முழுவதுமே நின்றுவிடக்கூடும். நிரலரை நம்பி விடுவது ரிட்ச்சியின் மொழியின் அடிப்படைப் பண்பாகும். அதன் விரைவுக்கும் இடருக்கும் இதுவே காரணம்.

விருதுகளும் மறைவும்

1983 இல் தாம்சனுடன் இணைந்து டூரிங் விருதைப் பெற்றார். 2007 இல் ஓய்வு பெற்றார். 2011 அக்டோபர் 12 அன்று நியூ செர்சியில் உள்ள தமது இல்லத்தில் இறந்த நிலையில் காணப்பட்டார்.