விடிய விடிய ஆடிய கூத்து பல்கலைக்கழகத்துக்கு வந்தது எப்படி? யார் இந்த சு.வித்தியானந்தன்?

இலங்கையில் இன்று ‘நாடகமும் அரங்கியலும்’ உயர்தர வகுப்பிலேயே ஒரு பாடம். பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கலாம். ஆனால் 1950-களில் கூத்து என்றால் படித்தவர்கள் பலருக்கு இளக்காரம்தான். படிக்காத ஜனங்களின் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அந்த நினைப்பை உடைத்ததில் பேராசிரியர் சு.வித்தியானந்தனுக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இவர்?

1924-ல் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் பிறந்தவர். பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950-ல் லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர்.

சங்க இலக்கியம் படித்தவர் கூத்துப் பக்கம் வந்தது ஏன்?

பேராதனையில் அவரோடு பணியாற்றிய சிங்கள அறிஞர் எதிரிவீர சரச்சந்திர, 1956-ல் ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்தின் போக்கையே அது மாற்றியது. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது ‘நாடகம’ என்ற பழைய வடிவம். அதன் வேரோ தமிழ்க் கூத்தில் இருக்கிறது! மட்டக்களப்பு, மன்னார் ஊர்களில் கூத்து இன்னும் உயிரோடு இருக்க, தமிழ்ப் பல்கலைக்கழக உலகம் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. இது வித்தியானந்தனை உறுத்தியது.

என்ன செய்தார்?

மன்னார் நாட்டுப்புற நாடக ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். மட்டக்களப்புக் கூத்து மரபில் பேராதனை மாணவர்களையே ஆட வைத்தார். ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ (1968) எனத் தயாரிப்புகள் வரிசையாக வந்தன. சின்ன வயதிலிருந்தே கூத்து ஆடிப் பழகிய மாணவர் சி.மௌனகுரு ‘இராவணேசன்’ பிரதியை எழுதினார். பின்னாளில் அவரும் நாடகப் பேராசிரியர் ஆனார்.

விமர்சனம் இல்லையா?

உண்டு. விடிய விடிய நடந்த கூத்தை அவர் ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கினார். சுற்றிலும் ஊரே உட்கார்ந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து எடுத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடையில் வைத்தார். நகரத்து ரசிகர்களுக்குப் பிடித்தது. ஆனால் ஊரோடு இருந்த உறவு அறுந்துபோச்சு என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். நியாயமான கேள்விதான், அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

பிறகு?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். 1989-ல் காலமானார். கூத்து ஆடத் தெரிவதும் ஒரு படிப்புதான் என்று பல்கலைக்கழகத்தை ஒப்புக்கொள்ள வைத்ததுதான் அவர் விட்டுச்சென்ற சொத்து.